சேம்பு முளைத்த குழி

குழித்துறையில் நான் வேலை பார்த்த அரசு அலுவலகத்துக்குப் பின்னால், ஓர் அயினி மரத்தடியில் குப்பை எரிக்கிற குழி ஒன்று இருந்தது. 2004-இல் மாற்றலாகிப் போன முதல் நாள் சாயங்காலமே அந்தக் குழியோடு எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஜன்னல் வழியாகப் புகை வந்தது. இலை எரிகிற புகை என்றால் எனக்குத் தெரியும். இது தொண்டையில் போய் அப்பிக்கொள்கிற கருப்புப் புகை. யாரடா இது என்று எரிச்சலோடு பின்வாசலுக்குப் போனேன். ஐம்பதை நெருங்கிய ஒரு பெண் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நீளமான ஒரு கம்பால் தீயைக் கிளறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கம்பை ஆட்டினார்.

"மாறி நில்லு மோளே, பொக கேறும்."

எங்கள் அலுவலகத்தைத் தூத்துப் பெருக்குகிறவர் அவர்தான். என்னை விலகி நிற்கச் சொன்னவர் அந்தப் புகைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். "அப்பம் ஒங்களுக்குக் கேறாதா?" என்று கேட்டேன். "எனக்கென்ன? நான் பொகயில வெளஞ்ச கட்டையாக்கும்" என்று சிரித்தார். சிரித்த கையோடு ஒரு இருமல் வந்தது. அதையும் சிரிப்பில் சேர்த்துக்கொண்டார்.

அன்றிலிருந்து நான் அவரை "எக்கா" என்று கூப்பிட்டேன். அவர் என்னை அதிகாரிக்கு முன்னால் "மேடம்" என்பார், தனியாக இருந்தால் "மோளே" என்பார், கோபம் வந்தால் "ஏட்டி". எங்களுக்குள் அதிகமும் "ஏட்டி"தான் ஓடியது. எனக்கு வாய் கொஞ்சம் கூடுதல், அவருக்கு அதைவிடக் கூடுதல்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் பெருமை அவள் முற்றத்தில் இருக்கிறது. விடிந்ததும் தூத்து, சாயங்காலம் வாரிக் கூட்டித் தீ வைத்துவிட வேண்டும். முற்றத்தில் ஒரு பழுத்த இலை கிடந்தால்கூட "அவ வீடு கெடக்க கெடப்பப் பாரு" என்பார்கள். அக்காவுக்கு அலுவலக முற்றமும் சொந்த முற்றம்தான். பலா இலையும் அயினி இலையும் மட்டும் விழுந்த காலத்தில் அந்தத் தீயால் ஒருவருக்கும் கேடு வந்திருக்காது. இப்போது அந்தக் குழிக்குள் போனது வேறு. டீ குடித்து எறிந்த பிளாஸ்டிக் கப், பார்சல் சாப்பாட்டுக் கவர், உடைந்த ஃபைல் உறை, தீர்ந்துபோன பேனா, பிளாஸ்டிக் குப்பைக்கூடை.

இதில் என்னைக் குத்திய விஷயம் ஒன்று உண்டு. அலுவலகத்துக்கு வேண்டிய சாமான்களை வாங்கிப்போடுகிற ஸ்டோர்ஸ் பிரிவு என்னுடையது. கப்பும் கவரும் உறையும் என் குறிப்பின் பேரில், என் கையெழுத்தில் கேட்டுக்குள் வந்தவை. நான் காலையில் வாங்கிப்போட்டது சாயங்காலம் அக்காவின் நெஞ்சுக்குள் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

சில வருஷங்களில் அந்த இருமல் சிரிப்பில் அடங்காததாக ஆயிற்று. ஒரு அறையைத் தூத்துவிட்டு அடுத்த அறைக்குப் போகும் முன் வாசல்படியில் உட்கார்ந்து மூச்சை வாங்குவார். "என்னக்கா?" என்றால், "ஒண்ணுமில்ல, கொஞ்சம் எளைக்குது" என்பார். ஒருநாள் கையைப் பிடித்து இழுக்காத குறையாக பஸ்ஸில் ஏற்றி ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார், ஊதச் சொன்னார், கடைசியில் "பீடி, சுருட்டு வல்லதும் உண்டா?" என்றார்.

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "டாக்டரே, நான் மானமா வாழுகவளாக்கும்! எனக்க மாப்பிளகூட பீடி தொட்டதில்ல, கேட்டியளா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் குழியைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "போன நெஞ்சு போனதுதான். அது திரும்ப வராது. மிச்சம் இருக்கதக் காப்பாத்தணும்னா இனிமே பொக பக்கத்துல போகக் கூடாது. வெறகடுப்பும் கூடாது, குப்பையும் கூடாது. இன்னொரு தடவ பெரிசா பொகை கேறினா தாங்காது" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே வந்தார். "அடுப்பக்கூட விட்டிரலாம். மோளுக்க மாப்பிள கேஸ் வேங்கித் தந்திருக்கான், எனக்குத்தான் அதப் பத்தவைக்கப் பேடி. குப்பைய என்ன செய்ய? எனக்க தலையிலயா சொமக்க? முனிசிபாலிட்டி வண்டி தோணும்போது வரும், தோணாட்டா வராது. முற்றத்துல குமிச்சுப் போட்டா ஆப்பீசர் என்ன ஏசமாட்டாரா?"

எரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டால் போதாது, எரிக்கிறதுக்கு என்று ஒன்றும் இல்லாமல் ஆக்க வேண்டும் என்பது மட்டும் அந்த பஸ்ஸில் எனக்குப் பிடிபட்டது. குப்பையை ஒழிப்பது அவர் வேலை. குப்பையாகப் போகிறதை வாங்காமல் இருப்பது என் வேலை. மறுநாளே கோப்பில் குறிப்பு எழுதினேன். பிளாஸ்டிக் கப்புக்குப் பதில் எவர்சில்வர் டம்ளர், பிளாஸ்டிக் உறைக்குப் பதில் அட்டையும் பருத்தி நாடாவும், குப்பைக்கூடைக்குப் பனைநார்க் கூடை.

அப்போதிருந்த அதிகாரி நல்ல மனுஷர். ஆனால் கையெழுத்துக்கு முன் பேனாவைத் திறந்து மூடித் திறந்து மூடியே பொழுதைக் கழிப்பவர். "இதுவரைக்கும் யாரும் இப்படி வாங்கினதில்லையே அம்மா" என்றார். "ஒருத்தரும் வாங்காததுனாலதான் சார் ஒருத்தி எளைச்சுக்கிட்டு கெடக்கா" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. கோப்பு அவர் மேஜையிலேயே தூங்கியது. பிறகு, மாவட்டம் முழுக்க பிளாஸ்டிக் பையும் கப்பும் கூடாது என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அதற்கு முந்தினநாள் வரை தூங்கிய கோப்பு அன்றைக்கே எழுந்து என் மேஜைக்கு வந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

முறைப்படி மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி, கோட்டாறில் ஒரு பாத்திரக் கடையில் டம்ளர் எடுத்தோம். கடைக்காரர் பெட்டியைத் திறந்தார். ஒவ்வொரு டம்ளரும் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்!

"இதயெல்லாம் உரிச்சுத் தாங்க."

"கவர் இல்லாம எப்பிடிம்மா கொண்டு போவிய? கீறல் விழும்லா?"

"டம்ளர்ல விழட்டு. ஆளுக்க நெஞ்சுல விழாம இருந்தாப் போரும்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த அம்மாவுக்கு மண்டைக்குச் சுகமில்லை என்று முடிவுகட்டி, முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் உரித்துத் தந்தார். "பேர் வெட்டணுமா?" என்று கேட்டார். பாத்திரம் எடுத்தால் பேர் வெட்டாமல் எடுக்கிற வழக்கம் நம்மிடம் இல்லையே. வெட்டச் சொன்னேன். அதிகாரி முதல் கடைசி ஆள் வரை ஒவ்வொருவர் பேரும் ஒவ்வொரு டம்ளரில். சாக்கில் வைக்கோல் போட்டுக் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்தேன்.

அக்கா சாக்கைப் பிரித்துப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"ஏட்டி, நீ எனக்கு நல்லது செய்யியா, கேடு செய்யியா? இத்தன டம்ளரையும் ஆரு கழுவ? ஒனக்க அம்மையா வந்து கழுவுவா? கப்புன்னா எறிஞ்சாத் தீந்துது! எனக்க எளைப்புக்கு மருந்து செய்யுதேன்னு சொல்லிட்டு எனக்க இடுப்ப ஒடிக்க வந்துட்டா!"

"கத்தாதீங்க. குடிச்சவன் குடிச்சதக் கழுவணும். அதுக்குத்தான் பேரு வெட்டிட்டு வந்திருக்கேன்."

"ஆப்பீசரா கழுவுவாரு?"

"கழுவுவாரு."

சும்மா வீம்புக்குச் சொன்னதுதான். ஆபீசில் ஒரே அமளி. எங்கள் மூத்த எழுத்தர் ஒருவர் உண்டு, ஊழியர் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். "டம்ளர் கழுவவா மேடம் பரீட்சை எழுதி வேலைக்கு வந்தோம்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அதிகாரி தன் டம்ளரை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தார். ஏன் போனார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் அன்றைக்குச் சொன்ன சொல் அவர் மனசில் கிடந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். பேன்ட்டைத் தண்ணீர் படாமல் பிடித்துக்கொண்டு அவர் கழுவிய அழகைப் பார்க்க அத்தனை பேரும் வராந்தாவில் கூடிவிட்டார்கள்.

"எனக்க தள்ளே!" என்றார் அக்கா. "ஆப்பீசர் டம்ளர் கழுவுகத காண கண்ணு ரெண்டு போராதே!"

அதற்குப் பிறகு கழுவமாட்டேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அக்காவின் பேரிலும் ஒரு டம்ளர் இருந்தது. எல்லாரும் போன பிறகு அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுத்து தெரியாது. "இதுல எனக்க பேரு எங்கண இருக்கு?" என்றார். அவர் விரலைப் பிடித்து எழுத்தின்மேல் வைத்தேன். புள்ளி புள்ளியாக வெட்டிய அந்த எழுத்துகளை மெதுவாகத் தடவினார்.

"எனக்க கல்யாணப் பாத்திரம் எல்லாத்துலயும் எங்க அப்பனுக்க பேருதான் மோளே. எனக்க பேர வெட்டினது இதான்."

அதன் பிறகு வந்த வருஷங்களை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு அதிகமாக வலிக்கிறது. நன்றாக இருந்த காலம் அது. கப் போயிற்று, கவர் போயிற்று, உறை போயிற்று. குழிக்குக் கொண்டுபோக இலையைத் தவிர ஒன்றும் இல்லை. இலையைத் தென்னை மூட்டில் உரமாகப் போட்டுவிடுவார். தீ இல்லாமல் கிடந்த குழியில் முதல் மழைக்குப் புல் முளைத்தது. அடுத்த மழைக்கு அக்கா வீட்டிலிருந்து சேம்பங் கிழங்கு கொண்டுவந்து நட்டுவிட்டார். சாம்பல் கிடந்த மண் இல்லையா, செடி வஞ்சகமில்லாமல் வளர்ந்தது. ஒவ்வொரு இலையும் ஆளை மழைக்கு மூடலாம் போல இருந்தது. பின்வாசலில் நின்று அந்தப் பச்சையைப் பார்ப்பதே எனக்கு ஒரு வேலையாகிவிட்டது. சேம்பந் தண்டில் புளிக்கறி வைத்து எனக்கு ஒரு தூக்கில் கொண்டுவருவார்.

"சொறியுமோ எக்கா?" என்று கேட்டேன் முதல் தடவை.

"மத்தவளுக்குச் சொறியும். ஒனக்க நாக்கக் கண்டா சேம்பு பேடிச்சுப் போவும், நீ தின்னு."

இளைப்பு முழுசாகப் போகவில்லை. ஆனால் வாசல்படியில் உட்காருவது குறைந்தது. வாரியலை வீசிப் பெருக்குகிற சத்தம் பழையபடி கேட்க ஆரம்பித்தது. டாக்டர்கூட ஒருமுறை, "பரவாயில்லையே, பொகைய விட்டாச்சா?" என்றார். "விட்டாச்சு டாக்டரே, சுருட்டையும் விட்டாச்சு" என்று அக்கா அவரைக் கலாய்த்தார்.

ஃபிளெக்ஸ் ஒன்றைத்தான் என்னால் தடுக்க முடியவில்லை. மூத்த எழுத்தர் அதில் ஒரு பித்தர். யாராவது மாற்றலாகி வந்தால் வரவேற்பு ஃபிளெக்ஸ், போனால் வழியனுப்பு ஃபிளெக்ஸ், பிள்ளை பிறந்தால், காது குத்தினால், செத்தால் எல்லாவற்றுக்கும் சுவரை மறைத்து ஒன்று கட்டிவிடுவார். நல்ல மனசுக்காரர். ஒருவர்மேல் பாசம் வந்தால் அவருக்கு அதைக் காட்டுவதற்கு வேறு வழி தெரியாது. எங்கள் அலுவலகம் பிளாஸ்டிக்கை ஒழித்துவிட்டது என்று மேலிடம் பாராட்டி ஒரு சின்ன விழா வைத்தது. காலையில் வந்து பார்க்கிறேன், 'பிளாஸ்டிக் இல்லாத எங்கள் அலுவலகம்' என்று வாசலில் ஒரு ஃபிளெக்ஸ் காற்றில் படபடக்கிறது. நடுவில் எல்லாருடைய முகமும். ஓரத்தில் என் முகமும்.

"இதென்ன சார் வெட்கக்கேடு?" என்றேன்.

"ஏன் மேடம், எழுத்துப்பிழை வல்லதும் உண்டா?"

"இதுவே பிளாஸ்டிக்லா!"

அவர் போய் அதன் நுனியைத் தொட்டுத் தடவிப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. "அய்யோ, துணின்னுல்லா நெனச்சேன்" என்றார். பொய் சொல்லவில்லை. அத்தனை வருஷமும் அவர் அதைத் துணி என்றுதான் நினைத்துக் கட்டியிருக்கிறார். இனிமேல் நல்ல துணியில் எழுதுவோம் என்றேன். "துணியில எழுத்துதான் வரும் மேடம், மூஞ்சி வராதே" என்று தயங்கினார்.

அக்கா அன்றைக்கு அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். "நல்லாத்தான் இருக்கு மோளே, எல்லாவனும் வெளக்குப் போட்ட மாதிரி இருக்கான். சாரே, நான் செத்தா எனக்க படம் போட்டு இப்பிடி ஒண்ணு வைப்பியளா?"

"ஒனக்கு இல்லாததா அக்கா? ரோட்டப் பாத்து பெரிசா வைப்போம்."

"ரெண்டு பேரும் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்று நான் சீறினேன். அவர்கள் இரண்டு பேரும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டார்கள்.

நல்ல காலம் நீடிக்குமா? அதிகாரி மாற்றலானார். புதிதாக வந்தவர் சுறுசுறுப்பானவர், வாரத்தில் பாதி நாள் கூட்டம் போடுகிறவர். முதல் கூட்டத்திலேயே டம்ளரைத் தூக்கிப் பார்த்து, "வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இதிலா கொடுப்பது? யார் யார் பேரோ இருக்கிறது" என்றார். பேப்பர் கப் வாங்கச் சொன்னார், கூடவே சின்னச் சின்னத் தண்ணீர் பாட்டில். பேப்பர் கப் என்பது பேர்தான் பேப்பர் என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு கப்பைத் தண்ணீரில் ஊறப்போட்டு, உள்ளே ஒட்டியிருந்த சவ்வை உரித்து அவர் மேஜைமேல் வைத்தேன். அவர் அதை ஒரு பென்சிலால் தள்ளிவிட்டு, "உங்களுக்கு வேற வேலை இல்லையாம்மா?" என்றார். பிறகு எனக்கு வேறு வேலையே கொடுத்துவிட்டார். ஸ்டோர்ஸ் என் கையைவிட்டுப் போயிற்று. சம்பளப் பிரிவில் உட்காரவைத்தார். எதை வாங்குவது என்று சொல்கிற இடத்தில் நான் இல்லை. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள், எங்கள் கதையில் ஏறினதே தெரியாமல் சறுக்கிவிட்டது.

கப்பும் பாட்டிலும் மறுபடி குவிந்தன. அக்காவைக் கூப்பிட்டு, "எரிச்சா பாத்துக்கோங்க" என்றேன். "எல்லாத்தையும் சாக்குல கெட்டி மதில் ஓரமா வைங்க. வண்டி வரும்போது வரட்டு."

"எத்தன நாளைக்கு வைக்க?"

"மக்கி மண்ணாப் போனாலும் வைங்க. எனக்க தலையில கை வச்சு சத்தியம் பண்ணுங்க, தீ வைக்கமாட்டேன்னு."

"இவ ஒருத்தி, எனக்கு மாமியாரு!" என்றார். ஆனாலும் கையை வைத்தார். ஈர்க்குச்சி பட்டுப் பட்டுத் தழும்பேறிய கை. "வைக்கமாட்டேன். போருமா?"

நாகர்கோவிலில் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் வந்தது. லீவு போட்டேன். நான் இல்லாத அந்த நேரம் பார்த்து, மேலதிகாரி ஒருவர் மறுநாள் காலையில் ஆய்வுக்கு வருகிறார் என்று செய்தி வந்திருக்கிறது. வண்டி பல நாளாக வரவில்லை. ராத்திரி மழையில் நனைந்த சாக்குகளை நாய்கள் கடித்துக் குதறி, முற்றம் முழுக்கக் கப்பும் பாட்டிலுமாகக் கிடந்திருக்கிறது. நல்ல மழைக்காலம், வாரினாலும் வைக்க இடமில்லை. "முற்றத்த என்ன இப்பிடிப் போட்டிருக்கு?" என்று அதிகாரி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை அக்காவால் தாங்கிக்கொள்ள முடியாது என்பது எனக்குத் தெரியும். பக்கத்தில் நான் இருந்திருந்தால் அதிகாரியிடம் அதற்குப் பதில் சொல்லியிருப்பேன்.

கல்யாண வீட்டில் இலை போட்டுக்கொண்டிருக்கும்போது மூத்த எழுத்தர் போன் செய்தார். "மேடம், அக்கா பொறத்தால விழுந்து கெடந்தா. ஆசாரிபள்ளத்துக்குக் கொண்டு வாறோம்." நான் பட்டுச்சேலையோடு ஆட்டோவில் ஏறினேன்.

அக்காவின் முகத்தில் மூச்சுக்கு மூடி போட்டிருந்தார்கள். சேலையில் அந்தப் புகையின் நாற்றம் அப்படியே இருந்தது. என்னைக் கண்டதும் மூடியைக் கையால் விலக்கினார்.

"பட்டு கெட்டியிருக்கியா? கொள்ளாம், நல்லா இருக்கு."

"என்னத்துக்கு எக்கா தீ வச்சிய? எனக்க தலையில அடிச்சுல்லா சத்தியம் பண்ணினிய?" எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. சுற்றி இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

"முற்றம் அசிங்கமா கெடந்துது மோளே. ஆளு வாறாவன்னு சொன்னாவ." மூச்சு நின்று நின்று வந்தது. "நீ பேடிக்காத. ஒனக்கு ஒண்ணும் வராது. அம்மன் கோயில் உண்டியல்ல காணிக்க போட்டு, சத்தியத்த எறக்கி வச்சிட்டுத்தான் தீ வச்சேன்."

எனக்கு அந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. நான் அந்தச் சத்தியத்தை அவருக்குத்தானே கேட்டேன்? அவர் தன் நெஞ்சைப் பற்றி நினைக்கவே இல்லை. சத்தியம் தவறினால் என் தலைக்கு வந்துவிடுமே என்று பயந்து, இளைக்க இளைக்கக் கோயில்வரை நடந்து போய் அதை இறக்கிவைத்துவிட்டு வந்து தீப்பெட்டியை எடுத்திருக்கிறார்.

"சேம்பு முச்சூடும் கரிஞ்சு போச்சு மோளே" என்றார். பிறகு நர்ஸ் வந்து மூடியைத் திரும்பப் போட்டுவிட்டாள்.

டாக்டர் முன்பே சொன்னதுதான் நடந்தது. அந்த ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா வீட்டுக்கு உயிரோடு போகவில்லை.

காரியம் கழிந்து அவர் மகள் அலுவலகத்துக்கு வந்தாள். அம்மையின் சாமான் வல்லதும் உண்டா என்று கேட்டாள். ஒரு செருப்பு, ஒரு பழைய துண்டு, அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த அந்த டம்ளர். டம்ளரை எடுத்துக் கழுவி அவள் கையில் கொடுத்தேன். ஸ்டோர்ஸில் என் இடத்துக்கு வந்திருந்த தம்பி ஓடிவந்தான். "மேடம், அது ஆபீஸ் சாமான், இருப்புல குறையுமே."

"ஒடஞ்சு போச்சுன்னு எழுதிக்கோ."

"எவர்சில்வர் எப்பிடி மேடம் ஒடையும்?"

"ஆளே ஒடஞ்சாச்சு, டம்ளர் ஒடையாதா?"

அவன் இருப்புப் பதிவேட்டில் அப்படியே எழுதிக்கொண்டான்.

மூத்த எழுத்தர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ரோட்டைப் பார்த்த மதிலில் பெரிய ஃபிளெக்ஸ், மேலே 'கண்ணீர் அஞ்சலி'. விழா அன்று எடுத்த படத்திலிருந்து அக்காவை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியிருந்தார். எண்ணெய் வைத்து வாரின தலை, ஒரு பல் தெரியும் சிரிப்பு. விளக்குப் போட்ட மாதிரிதான் இருந்தார். எழுத்தர் ஏணியில் நின்று கயிறு கட்டும்போது கண்ணைத் தோளில் துடைத்துத் துடைத்துக் கட்டினார். இதுவும் அதே பிளாஸ்டிக்தானே சார் என்று என் நாக்கு நுனிவரை வந்தது. "எனக்க படம் போட்டு ஒண்ணு வைப்பியளா சாரே" என்று கேட்டது அவர் அல்லவா? ஆசைப்பட்டுக் கேட்டதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? வாயை மூடிக்கொண்டு ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

மழையும் காற்றும் ஒரு பக்கத்துக் கயிற்றை அறுத்தன. அக்காவின் முகம் பாதி மடங்கித் தொங்கியது. கொஞ்ச நாளில் அதை அவிழ்த்தார்கள்.

ஒரு சாயங்காலம் சம்பளப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக அந்தப் புகை வந்தது. எழுந்து ஓடினேன். அயினி மரத்தடியில், அக்கா இடத்துக்குப் புதிதாக வந்திருந்த பெண் ஒரு கம்பை வைத்துக்கொண்டு நின்றாள். நல்ல ஆரோக்கியமான பெண், முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். குழிக்குள் கருகிப்போன சேம்பந் தண்டுகளின்மேல் அந்த ஃபிளெக்ஸ் விரிந்து கிடந்தது. தீ ஓரத்தில் பிடித்துச் சுருட்டிக்கொண்டு நடுவுக்கு வந்துகொண்டிருந்தது. நெற்றி போயிற்று. கண் போயிற்று. அந்தப் பல் தெரியும் சிரிப்பு கொஞ்ச நேரம் நெளிந்து நின்றது. அக்கா எரிந்து கருப்புப் புகையாக எழும்பி, ஆறு இருக்கும் பக்கம் சாய்ந்தார்.

"ஏட்டி, மாறி நில்லு! பொக கேறும்!"

கத்தினது என் குரல்தான். சொல் என்னுடையது இல்லை.

அந்தப் பெண் பயந்துபோனாள். "ஆப்பீசர் சார்தான் மேடம் எடுத்துப் போடச் சொன்னாவ. மடக்கி வைக்க எடமில்ல. முற்றத்துல அசிங்கமா கெடக்குல்லா?"

அவள் தோளைப் பிடித்துத் தள்ளிப் புகைக்கு வெளியே நிறுத்தினேன். குழாயடி வாளியைத் தூக்கி வந்து ஊற்றினேன். ஒரு வாளிக்கு அது அணைகிற தீயா? புகைதான் இரண்டு மடங்காக எழும்பி என் முகத்தில் அடித்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது, தொண்டையில் அந்தக் கருப்பு வந்து அப்பியது, இருமினேன். மறுபடி வாளியை நிரப்பப் போயிருக்கலாம். ஆனால் எனக்கு அங்கேயே நிற்க வேண்டும்போல இருந்தது. நின்றேன். மாறி நில்லு மோளே என்று சொல்ல ஆள் இல்லை.